என் மகளைத் தவிட்டுக்கு விற்ற வெள்ளிக்கிழமை

தூக்கம் கெட்டால் கோபம் வரும் என்கிறார்கள். எனக்குக் கோபம் பிறந்ததிலிருந்தே உண்டு; தூக்கம் கெட்டதும் முதலில் காணாமல் போனது அதுதான். என் மகள் பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த அந்த வருஷம், யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். சூடான சட்டியில் விரல் பட்டால்கூட, சிவந்ததைப் பார்த்துத்தான் பட்டது என்று தெரிந்துகொள்வேன். அதைச் சோகம் என்று சொல்ல முடியாது. மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் வந்தது கண் சிமிட்டல். போன் பார்த்துப் பார்த்து வந்த கேடு என்று போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினோம். பிறகு வலது தோளைத் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தாள். சட்டை இறுக்கமோ என்று பெரிய சட்டை வாங்கிப் போட்டேன். அப்புறம் தொண்டையிலிருந்து க்கும், க்கும் என்று ஒரு சத்தம். இருமல் மருந்து ஒரு போத்தல் காலியானதுதான் மிச்சம். பகலில் ஓட்டத்திலும் ஆட்டத்திலும் இதெல்லாம் கொஞ்சம் மறைந்து கிடக்கும். பாயில் படுக்கப் போட்டதும் கண், தோள், தொண்டை மூன்றும் பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல வரும். தூக்கம் கண்ணுக்கு வந்து நிற்கிற நேரம் பார்த்துத் தோள் ஒரு உதறு உதறும். தூக்கம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது மலாய் நாட்டில், ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில், ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்து வரிசை வீட்டில். அந்த வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் எங்கள் வீட்டில் திரும்பிப் பார்ப்போம். என் மகளின் தொண்டைச் சத்தம் அந்த வரிசை முழுக்கப் போனது. கடைசி வீட்டில் இருந்த வங்காளதேசத்துப் பையன் ஒருவன் ஒருநாள் தொண்டை மிட்டாய் வாங்கி வந்து கொடுத்தான். நல்ல மனசு. வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகிற லோரி ஓட்டுகிறார். எனக்குச் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன்னே பஸ் வந்துவிடும். பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளை வைத்துக் குறை பார்க்க வேண்டும். குறை உள்ளதும் இல்லாததும் எனக்கு ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டுத் திட்டினாள். அந்தத் திட்டும் என்னைத் தாண்டி யாரையோ போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் சிரம்பானுக்குக் கொண்டுபோனோம். "மேசையிலயே படுத்துத் தூங்கிடுறா. எழுப்புனா பாவமா இருக்கு" என்றார் டீச்சர். சிரம்பானில் பார்த்த குழந்தை டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். இது வலிப்பு இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை, உடம்பு தானாகச் செய்கிற சின்னச் சின்ன உதறல் என்றார். கூடும், குறையும், ஒன்று போய் இன்னொன்று வரும். அதைச் சுட்டிக்காட்டாதீர்கள், அதட்டாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் படுக்க வையுங்கள், மனசுக்குப் பயம் கொடுக்காதீர்கள். இந்த மாதிரிப் பிள்ளைகள் பலருக்குத் தூங்குவது கஷ்டமாகத்தான் இருக்கும், பொறுத்துப் பார்ப்போம். சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பொறுப்பதற்கு உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பேச்சை எடுத்தார். தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. மூன்று பையன்கள், மூன்றும் காளை மாதிரி. தும்மல்கூட வராத பிள்ளைகள்.

"தங்கச்சி, டாக்டர் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும்லா. புள்ளய எங்கிட்ட வித்துரு. எல்லாம் சரியாப் போயிரும்."

தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையை நோயோ கண்டமோ விடாமல் பிடித்துக்கொண்டால், பெற்றவர்களின் பிள்ளையாக இருக்கிறவரை அது விடாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் சாமி முன்னால் வைத்துப் பிள்ளையை வேறொருத்திக்கு விற்றுவிடுவார்கள். விலை, தவிடு. தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எந்தப் பீடையும் சீண்டாதாம். அவ்வளவு மட்டமான சரக்கைத் தேடி யார் வருவார்கள். வாங்கியவள் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள், பெற்றவளிடமே வளர்க்க விட்டுவிடுவாள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளை பெற்றவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. வாங்கியவள்தான் அம்மா. பெற்றவள் சித்தி.

என் வீட்டுக்காரருக்கு உடனே பிடித்துப்போனது. "என்னையும் சின்ன வயசுல தவிட்டுக்குத்தான் வித்தாங்க. நான் இப்ப நல்லா இல்லையா?" என்றார். நல்லாத்தான் இருக்கிறார். படுத்த நிமிஷம் லோரி மேட்டில் ஏறுகிற மாதிரி குறட்டை. பழைய நானாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரு சண்டை நடந்திருக்கும். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து அழைத்துப் போனேன். பிறந்தநாள் மாதிரி இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். பூசாரி சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். அவளைச் சந்நிதி முன்னால் நிறுத்திவிட்டு நான் தள்ளி வந்து முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அக்கா வந்து, "யாரு புள்ள இது?" என்று சத்தமாகக் கேட்டார்.

"யாரு புள்ளையோ. எனக்கு வேணாம்" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பூசாரிக்குக் காதில் விழவில்லையாம். "நல்லா சத்தமாச் சொல்லும்மா, சாமிக்குக் கேக்கணும்." மறுபடியும் சொன்னேன்.

"அப்ப நான் எடுத்துக்கிறேன்" என்று அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கோழிக்கு வாங்கி வைத்திருந்த டெடாக்கை ஒரு முறத்தில் கொண்டு வந்திருந்தார். அந்தத் தவிட்டை என் முந்தானையில் கொட்டினார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவர் குடும்பக் குரூப்பில் போட்டார். கை கூப்பிய படங்களாக வந்து குவிந்தன.

தவிட்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டுக்குப் பின்னால் அக்காவின் கோழிகளுக்கே போட்டேன். என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பொடிவரை கொத்தித் தின்றன. இது என்ன, எதற்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. எங்களிடம் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிற பழக்கம் ஏது. இனிமேல் என்னைச் சித்தி என்று கூப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

அன்று மதியம் பிள்ளை, தன்னை வாங்கியவள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டவள் அக்கா மடியிலேயே தூங்கிவிட்டாள். தூங்கட்டும் என்று அவரும் உள்ளறையில் கொண்டுபோய்ப் போட்டார். நான் வீட்டுக்கு வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். பூ கசங்கியிருந்தது.

"உள்ள வரட்டா, சித்தி?" என்று கேட்டாள்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டாள் என்று என் வீட்டுக்காரர் அதையும் குரூப்பில் எழுதினார்.

அன்றிலிருந்து சத்தம் இல்லை. க்கும் இல்லை, பாய் அசைகிற ஓசை இல்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்தால் அப்படியே கிடந்தாள். என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அக்கா தண்ணீர்க் குழாயில், கடையில், மருந்து டாங்கியைத் தோளில் மாட்டுகிற இடத்தில் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். நான் தூங்கினேன். அந்தத் தூக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படுப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருப்பேன், நடுவில் ஒன்றுமே இருக்காது. உடம்புக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

பிள்ளையும் மாறிவிட்டாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். போர்வையை மடித்து வைத்தாள். பிஸ்கட் டின்னைத் திறக்குமுன் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அதுவரை நீ வா போ என்று பேசியவள், நீங்க வாங்க என்று பேசினாள். எனக்கு அது லேசாக எங்கோ இடித்தது. பெரிய பிள்ளையாகிறாள் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் முகம் சரியில்லை. காலையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற சபைகூடலில் நின்றபடியே தூங்கி விழுந்திருக்கிறாள். தோள் உதறலும் தொண்டைச் சத்தமும் முன்னைவிட அதிகமாம், காலையில் வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தால் ஓய்வதே இல்லையாம்.

"வீட்டுல எதுவும் இல்லையே டீச்சர். நல்லாத் தூங்குறாளே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சிரம்பான் டாக்டரிடம் மறுபடி போனோம். என் வீட்டுக்காரருக்கு லோரி, அதனால் நானும் அவளும் மட்டும். டாக்டர் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு அவளிடம் மலாயில் கேட்டார், ராத்திரியில் என்ன செய்வாய் என்று. பாலர் பள்ளியிலேயே மலாய் பழகியவள், தயங்காமல் சொன்னாள்.

"சாயா ஜாகா."

காவல் இருக்கிறேன் என்கிறாள். தோட்டத்து வாசலில் காவல்காரர், எங்கள் பேச்சில் ஜாகா, இருப்பதுபோல. எதற்குக் காவல் என்று டாக்டர் கேட்டார். தூங்கினால் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டில் போட்டுவிடுவார்கள் என்றாள். யார், எந்த வீட்டில் என்று கேட்டார்.

"சாயா சுடா கெனா ஜுவால்" என்றாள். என்னை வித்துட்டாங்க.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. போலீசைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கோயில், பூசாரி, பக்கத்து வீடு, நோய் எல்லாவற்றையும் சொன்னேன். விலை என்ன என்று கேட்டார். டெடாக் என்றேன்.

"டெடாக்? கோழி தின்கிற டெடாக்கா?"

"ஆமாம். கோழி தின்கிற டெடாக்தான்."

அவர் சிரிக்கவில்லை. சில பிள்ளைகள் இந்த உதறலைக் கொஞ்ச நேரம் அடக்கி வைத்துக்கொள்வார்கள், தும்மலை அடக்குகிற மாதிரி, அது அவர்களைக் களைக்க வைத்துவிடும், அடக்கியது எல்லாம் வேறு இடத்தில் கொட்டும் என்றார். இவள் வீட்டில் அடக்கிப் பள்ளிக்கூடத்தில் கொட்டியிருக்கிறாள். பிறகு, நீங்கள் செய்தது ஏன் என்று எனக்குப் புரிகிறது, அவளுக்கு யாராவது புரியவைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பஸ்ஸில் திரும்பினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தலை தொங்கத் தொங்க நிமிர்த்திக்கொண்டிருந்தாள். தூங்கு, என் மேல் சாய்ந்துகொள் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"சத்தம் போட்டதாலதான வித்தீங்க? இப்ப நான் போடலையே" என்றாள்.

நீ என் பிள்ளைதான், உன்னைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"எப்பிடி வாங்குவீங்க? அந்தத் தவிட்டக் கோழி தின்னுருச்சில்ல."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் வந்தது. இத்தனை வாரம் இந்தக் கணக்கை யாரிடமும் கேட்காமல் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் செத்த பிணமாகத் தூங்கியிருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயம்தான்.

ரந்தாவில் இறங்கி நேரே கோழித் தீனிக் கடைக்குப் போனேன். டெடாக் கேட்டேன். எத்தனை கோழி வளர்க்கிறாய் என்று கடைக்காரச் சீனர் விசாரித்தார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார். பொட்டலத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். தோட்டத்துக்கு வருகிறவரை அதை நெஞ்சோடு வைத்துப் பிடித்திருந்தாள்.

அக்கா வேலை முடிந்து வந்து, வாசலில் பூட்சைக் கழுவிக்கொண்டிருந்தார். புள்ளயத் திருப்பி வாங்கிக்கிறேன்க்கா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"திருப்பி வாங்குனா நோயும் கூடவே வந்துரும்லா, தங்கச்சி. கஷ்டப்பட்டுல்ல போக்குனோம்?"

"போகலக்கா. புள்ள அடக்கி வச்சிருந்திருக்கு. தூங்கவே இல்ல, உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துருவோமோன்னு."

அக்கா கையில் இருந்த பூட்சைக் கீழே வைத்தார். நல்லது செய்யப் போய் இப்படியாகிவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு என் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உன்ன எனக்கு ரொம்பப் புடிக்கும்மா. ஆனா நீ எப்பவும் உங்கம்மா புள்ளதான். பெரியவங்க நாங்க சும்மா ஒரு வெளாட்டு வெளாண்டோம்."

"சாமி முன்னாடி வெளாடலாமா?" என்று கேட்டாள்.

அக்கா அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எடுத்துக்க தங்கச்சி, உன் புள்ளய. நானே வந்து கேட்டாலும் குடுக்காத" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்தேன். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. இவ்வளவு வெளிச்சத்தில் எதற்குப் படுக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை; உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள்.

"இப்ப சத்தம் வந்தா?"

"வரட்டும்."

"மறுபடியும் வித்துட்டா?"

"விக்க மாட்டேன்."

அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அதற்குமேல் அவளால் பிடித்து வைக்க முடியவில்லை. முதலில் தோள். பிறகு கண். பிறகு தொண்டை. பாயே நகர்கிற மாதிரி உதறியது. வாரக்கணக்காக அந்த வீட்டில் வெளிவராமல் கிடந்தது எல்லாம் வந்தது. சுட்டிக்காட்டாதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பயத்தங்காயை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்கினேன். நறுக்கி முடித்த பிறகும் கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது கொஞ்சம் அடங்கியதும் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"சித்தி, நீங்க தூங்கிறாதீங்க."

"இல்ல. தூங்க மாட்டேன்."

"நான் தூங்குறப்ப யாராச்சும் தூக்க வந்தா?"

"நான் இங்கயே இருக்கேன். யார் கிட்டயும் குடுக்க மாட்டேன்."

"நீங்கதான குடுத்தீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் இல்லையோ என்று நினைத்து எடுத்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது. சிமிட்டுகிற கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்த வீட்டில் காவலுக்கு வேறு ஆள் இல்லை. அவளுக்கும் இனி முடியவில்லை. கடைசியில் கண்ணை மூடினாள். நான் முழித்திருந்தேன்.